டிஜிட்டல் காமிராவின் கண் வளர்ந்த கதை



தஞ்சோங் டாவாய் என்றதும் நம்மில் பலருக்கு நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும்தான் நினைவுக்கு வரும். மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் இருக்கிற மீனவர் ஊர் அது. படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா தெரியும். படகு ஏறினால் சற்று நேரத்தில் அக்கரை. திரும்பிப் பார்த்தால் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும். இந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியர்களாக இருக்கும் நாங்கள் சிலர், காமிரா பிடிக்கப் பழகியது இந்தத் துறையில்தான். சனிக்கிழமை மாலைகளில் கரை திரும்பும் படகுகளை எடுப்போம். படகு கறுப்பாக விழும். வானம் வெளுத்துப் போகும். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கத் தொடங்கியதன் பயன்தான் இன்றைய பேச்சு.

டிஜிட்டல் காமிரா என்பதை இன்றைய பிள்ளைகள் கைப்பேசியோடு சேர்ந்து பிறந்த பொருளாக நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. குறிப்பாக 1999 முதல் 2008 வரையுள்ள பத்தாண்டுகளில் வெளிவந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் இன்று பழைய சாமான் கடைகளில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாமா, அவற்றின் கண் எப்படிப்பட்டது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று எங்களைக் கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர் மெகாபிக்சல் என்ற ஒரே சொல்லைச் சொல்லி முடித்துவிடுகிறார். விஷயம் அவ்வளவு எளிதன்று.

முதலில் கொஞ்சம் பின்னே போவோம். நம் தோட்டங்களுக்குப் புகைப்படம் எப்படி வந்தது? மலாயாவில் 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. அதில் ஒருவருடைய படமும் பெருவிரல் ரேகையும் இருக்க வேண்டும். அதுவரை தம் முகத்தைக் கண்ணாடியிலும் கிணற்றுத் தண்ணீரிலும் மட்டுமே பார்த்திருந்த பால்மரத் தொழிலாளர் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் படம். சிலருக்கு அதுவே கடைசிப் படமும் ஆயிற்று. திருமணப் படம் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுப்பது வசதியுள்ளவர்கள் செய்த காரியம். பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை வகுப்புப் படம் எடுப்பார்கள். அதை வாங்கக் காசில்லாத வீடுகள் அன்று நிறைய இருந்தன. இந்தச் சங்கதியைப் பின்னால் மறுபடி எடுப்போம்.

அந்தக் காலத்துக் காமிராவில் ஒளியை ஏந்தியது பிலிம். ஜெர்மனியில் ஆஸ்கார் பர்னாக் வடிவமைத்த லைக்கா காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பிலிம் சட்டம் உலகெங்கும் வழக்கமாயிற்று. இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்.எல்.ஆர். என்பது, வில்லையின் வழியே வரும் ஒளியை உள்ளே ஒரு கண்ணாடி தடுத்து மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும் காமிரா. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கும், திரை திறக்கும், ஒளி பிலிமில் விழும். வில்லை எதைக் காண்கிறதோ அதையே நாமும் காண்கிறோம். நிக்கான் நிறுவனத்தின் எஃப் என்ற காமிரா 1959-இல் வந்தபின் செய்தியாளர் தோளிலெல்லாம் இவ்வகைக் காமிராவே தொங்கியது.

பிலிமுக்குப் பதிலாக ஒரு சிலிக்கன் சில்லை வைத்தால் என்ன? இந்த எண்ணத்துக்கு வித்து 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் விழுந்தது. வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சி.சி.டி. என்ற சாதனத்தின் திட்டத்தை வரைந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தேடியது நினைவகம் ஒன்றை. கிடைத்ததோ ஒரு கண். நாற்பது ஆண்டு கழித்து, 2009-இல், அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த சி.சி.டி. எப்படி வேலை செய்கிறது என்பதை வகுப்பில் விளக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் பால்மரக்காட்டைத்தான் துணைக்கு அழைத்தோம். ஒரு பெரிய காடு. நிரை நிரையாக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு கட்டியிருக்கிறது. ஒளி விழ விழ அந்த மங்கில் மின்னூட்டம் என்கிற பால் சேருகிறது. வெளிச்சம் மிகுந்த இடத்து மங்கில் நிறையப் பால். நிழலான இடத்து மங்கில் சில சொட்டு. வெளிச்சம் நின்றதும் பாலை அளக்க வேண்டும். சி.சி.டி.யில், ஒவ்வொரு மங்கின் பாலும் பக்கத்து மங்குக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் என்று வரிசை மாறாமல் கைமாறி, கடைசியில் ஸ்டோரில் இருக்கிற ஒரே தராசுக்கு வந்து சேர்கிறது. தராசு ஒன்றே ஆனதால் அளவு ஒரே சீராக இருக்கும். ஆனால் நேரம் பிடிக்கும்; மின்சாரமும் நிறையத் தின்னும்.

இன்னொரு வகை உணரிக்கு சீமாஸ் என்று பெயர். இதில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சின்னத் தராசு வைத்தாற்போல ஏற்பாடு. பாலைச் சுமந்து அலைய வேண்டியதில்லை, வேகம் உண்டு, மின்சாரச் செலவு குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கான தராசுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லையே! ஒன்று கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஒன்று குறைத்துக் காட்டும். அதனால் தொடக்கத்தில் சீமாஸ் படங்களில் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரிந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெட் உந்துகை ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாஸம் என்பவரும் அவருடைய குழுவும் 1990-களின் தொடக்கத்தில் இந்தக் குறையைக் களையும் வழியைக் கண்டார்கள். இன்று நம் கைப்பேசியில் இருப்பது அந்த வழியில் வந்த உணரிதான்.

மங்குக்கு நிறம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். பால் எவ்வளவு என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மங்கின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதிக்கிறார்கள். நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் நுட்பம் அதிகம் தெரியும் என்பதால் இந்தப் பங்கீடு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த இந்த முறைக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. ஆகவே ஆறு மெகாபிக்சல் காமிரா என்றால், அதில் சிவப்பைக் கண்டவை ஒன்றரை மெகாபிக்சல்தான். மற்ற இடங்களில் சிவப்பு எவ்வளவு என்பது பக்கத்து மங்குகளைப் பார்த்துப் போட்ட கணக்கு.

அதே கோடாக் நிறுவனத்தில், 1975-இல், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உலகின் முதல் டிஜிட்டல் காமிராவைக் கட்டினார். அதன் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. நீளவாக்கில் 100 புள்ளி, குறுக்குவாக்கில் 100 புள்ளி; ஆகப் பத்தாயிரம் புள்ளிகள். படம் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. பிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனத்துக்குள்ளேயே பிலிமுக்கு எமன் பிறந்த கதை இது. அந்த நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போக நேர்ந்தது.

விற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். 1991-இல் கோடாக் வெளியிட்ட டி.சி.எஸ். உடல் நிக்கான் எஃப்3. கண் கோடாக்கின் சி.சி.டி. புள்ளிகள் 13 இலட்சம். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனுள் 200 மெகாபைட் தட்டு. விலை 20,000 அமெரிக்க டாலரைத் தொட்டது. நம் வெள்ளியில் அன்று 50,000-க்கு மேல். நம் பக்கத்தில் ஒரு சிறு வீட்டின் விலை என்றால் மிகையாகாது.

ஒரு நிறுவனம் தன் சொந்த உடலிலேயே டிஜிட்டல் கண்ணை வைத்துச் செய்தியாளர் கையில் கொடுத்தது 1999-இல். அதுதான் நிக்கான் டி1. சி.சி.டி. உணரி, 27 இலட்சம் புள்ளி. அடுத்த ஆண்டு கேனன் நிறுவனம் டி30 என்ற காமிராவில், தானே செய்த சீமாஸ் உணரியை வைத்தது. 31 இலட்சம் புள்ளி. சீமாஸ் என்றால் மலிவுச் சரக்கு என்று பலர் எண்ணிய காலத்தில் கேனன் துணிந்து செய்த காரியம் அது. பின்னாளில் எல்லாரும் அந்த வழிக்கே வந்தார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, 2003-இல், கேனன் 300டி வெளிவந்தது. அமெரிக்காவில் உடலின் விலை 899 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்று பேசப்பட்டது. ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 சென் என்று நம் அரசாங்கம் கட்டிவைத்திருந்த காலம். கணக்குப் போட்டால் 3,400 வெள்ளி, வில்லை தனி. பயிற்சி ஆசிரியருக்கு அது எட்டாக் கனிதான். ஆனால் எட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்த கனி. எங்களில் ஒருவர் வேலைக்கு வந்து மூன்றாம் ஆண்டு அதைக் கைமாற்றாக வாங்கினார். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 2007-இல் நிக்கான் டி40 ஒன்றை வாங்கித் தந்தது. பின்னர் கேனன் 5டி வைத்திருந்த திருமணப் படக்காரர் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது; அவர் நம் பள்ளியின் பழைய மாணவர். இப்படி மூன்று கண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது.

300டி-யின் சீமாஸ் உணரி 22.7-க்கு 15.1 மில்லிமீட்டர். 63 இலட்சம் புள்ளி. டி40-இன் சி.சி.டி. உணரி 23.7-க்கு 15.6 மில்லிமீட்டர், 61 இலட்சம் புள்ளி. 2005-இல் வந்த 5டி-யின் சீமாஸ் உணரியோ 35.8-க்கு 23.9 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய பழைய பிலிம் சட்டத்தின் அளவு. முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன எண்கள் இவையே. அதில் 128 இலட்சம் புள்ளி. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 300டி-யைப்போல் இரண்டரை மடங்கு.

புள்ளிகள் இரண்டு மடங்கு ஆனதால் 5டி-யின் மங்கு சிறுத்துவிட்டதா என்றால் இல்லை. காடு இரண்டரை மடங்கு பெரியதாயிற்றே! 300டி-யின் ஒரு மங்கு ஏறக்குறைய 7.4 மைக்ரான் அகலம், டி40-இல் 7.9; 5டி-யில் 8.2. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டுகளில் சட்டைப் பையில் போகும் சிறு காமிராக்களிலும் ஏழு, எட்டு மெகாபிக்சல் என்று அச்சிட்டு விற்றார்கள். அவற்றின் உணரி பெரும்பாலும் 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர்தான், பெருவிரல் நகத்தைவிடச் சிறியது. 300டி-யின் பரப்பில் பதினான்கில் ஒரு பங்கு. அந்த இடத்தில் எழுபது இலட்சம் மங்கு கட்டினால் அவை தும்பைப்பூ அளவுகூட இரா. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்தவர்களில் நாங்களும் உண்டு. அந்தக் காமிரா இன்றும் எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மங்கு பெரியதாக இருந்தால் என்ன நன்மை? இரண்டு உண்டு. ஒன்று, வெளிச்சம் கொட்டும் இடத்தில் பால் சீக்கிரம் நிரம்பி வழியாது. வழிந்துவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை. தஞ்சோங் டாவாய் வானம் எங்கள் படங்களில் வெளுத்துப் போனது இதனால்தான். மற்றொன்று, மங்கலான நேரத்தில் சேரும் சில சொட்டும் பெரிய மங்கில் சற்றுக் கூடுதலாகச் சேரும். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவது என்றால் மரம் அதிகமாகப் பால் தரும் என்று பொருளன்று. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுவது, அவ்வளவே. மழை நாளில் பாலோடு தண்ணீரும் சேர்ந்திருக்க, அதையும் சேர்த்தே பெருக்கினால் கணக்கு எப்படி இருக்கும்? அந்தத் தண்ணீர்தான் படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் இரைச்சல். 300டி-யிலும் டி40-இலும் ஐ.எஸ்.ஓ. 400 வரை கவலையில்லை, 800-இல் பொறுத்துக்கொள்ளலாம், 1600-இல் முகம் மணலாகும். 5டி-யில் 1600-ஐ அச்சுக்கே கொடுக்கலாம். இது நாங்கள் கண்ணால் கண்டு சொல்வது.

மற்ற விவரங்கள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். டி40-இன் உடலுக்குள் குவியம் திருப்பும் மோட்டார் இல்லை; ஆகவே மோட்டார் உள்ள புதிய வில்லைகளில் மட்டுமே தானாகக் குவியும். பழைய வில்லை வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும். ஆனால் அதில் பிளாஷ் விளக்கை வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் வரை இணைக்கலாம். வெயிலில் நிற்கும் பிள்ளைகளின் கண் நிழலை நிரப்ப அது பேருதவி. 300டி-யில் அந்த எல்லை இருநூறில் ஒன்று. 300டி பழைய பெரிய கார்டைக் கேட்கும். டி40 இன்று எங்கும் கிடைக்கிற எஸ்.டி. கார்டைக் கேட்கும். பழைய காமிரா வாங்குகிறவருக்கு இந்தக் கடைசி விவரம் மெகாபிக்சலைவிட முக்கியம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

2007-இல் நிக்கான் டி3 வந்தது. பிலிம் சட்ட அளவுள்ள சீமாஸ் உணரி, 121 இலட்சம் புள்ளி, ஐ.எஸ்.ஓ. 6400 வரை இயல்பாகவும் 25,600 வரை நீட்டியும் எடுக்கலாம். சி.சி.டி.யின் ஆட்சி இத்தகைய காமிராக்களில் அதோடு முடிவுக்கு வந்தது என்றே சொல்லலாம். 2008-இல் நிக்கான் டி90 அசையும் படமும் எடுத்தது. அதே ஆண்டு வந்த கேனன் 5டி மார்க் 2-ஐக்கொண்டு சினிமாவே எடுக்கத் தொடங்கினார்கள். நமக்கு அண்டை நாடான தாய்லாந்தின் அயுத்தியாவில் இருந்த நிக்கான் தொழிற்சாலை 2011 அக்டோபர் வெள்ளத்தில் மூழ்கியபோது உலகெங்கும் காமிராவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன்பின் கண்ணாடியில்லாக் காமிராக்கள் வந்து, எஸ்.எல்.ஆர். மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது.

படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கை நேயர்கள் அறிவீர்கள். சோழர்களின் கடாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இடம். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இங்கே அகழ்ந்து, கோயில் அடித்தளங்களுக்கு எண்ணிட்டு, 1940-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் படங்களும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், வீடமைப்பு வேலைக்காகப் பதினோராம் எண் சண்டி இடிக்கப்பட்டது தெரியவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அடித்தளம். நாளிதழ்களில் அதைப் படித்த அன்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பல தடவை போயிருந்த நாங்கள், அந்தப் பக்கம் ஒரு படம்கூட எடுக்கவில்லையே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதிர்க்கரைப் படகை எடுக்க மட்டும் நூறு தடவை போயிருக்கிறோம்.

எங்கள் தோட்டத்துக்கும் ஒரு முடிவு நாள் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. பிறகு செம்பனையும் போய் நிலம் கைமாறியது. பள்ளியை வேறிடத்துக்கு மாற்றுவது என்று முடிவாகி, 2009-ஆம் ஆண்டின் கடைசியில் பழைய கட்டடத்தில் ஒரு பிரிவு நாள் வைத்தோம். எங்கெங்கோ போயிருந்த பழைய மாணவர்கள் வந்தார்கள். தாத்தா பாட்டிகளைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். எல்லாரையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஐந்து வரிசை, வரிசைக்கு ஏறக்குறைய நாற்பது பேர். சிறப்பு விருந்தினர் வர நேரமாகிவிட்டது. வரிசை நின்று முடியும்போது மாலை ஏழு தாண்டிவிட்டது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது.

அந்தத் திருமணப் படக்காரர் 5டி-யில் மூன்று படம் எடுத்தார். அவரே எடுக்கிறார், பிறகென்ன என்று நாங்கள் நின்றுவிட்டோம். எங்களில் ஒரு ஆசிரியை மட்டும், "இருங்க சார், நம்ம காமிராவிலும் ஒன்று இருக்கட்டும்" என்று டி40-ஐ ஒரு நாற்காலி முதுகில் அணைத்து வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார். ஐ.எஸ்.ஓ. 1600.

இப்போது அந்த அகலத்தை நாற்பதால் வகுத்துப் பாருங்கள். 5டி-யின் படம் அகலவாக்கில் 4,368 புள்ளி. ஆளுக்கு 109 புள்ளி. டி40-இன் அகலம் 3,008 புள்ளி, ஆளுக்கு 75. முகம் அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால், முன்னதில் 36 புள்ளி, பின்னதில் 25. சாசனின் 1975-ஆம் ஆண்டுக் காமிராவில் அந்த நாற்பது பேர் நின்றிருந்தால் ஆளுக்கு இரண்டரைப் புள்ளி கிடைத்திருக்கும்; அதில் முகம் ஏது? வரிசை வரிசையாக நிறுத்தி ஐந்து படம் எடுத்திருந்தால் எந்தக் காமிராவும் போதுமாக இருந்திருக்கும். அன்று அது தோன்றவில்லை. காமிராக்காரர் பழக்கத்தில், எல்லாரும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே எண்ணமாகிவிடுகிறது.

5டி படங்களை அவர் சி.டி.யில் பதிந்து கொடுத்தார். அதைப் பள்ளி அலமாரியில் பூட்டி வைத்தோம். அப்படிப் பதியும் தட்டில் ஒரு சாயப் படலம்தான் எழுத்தைத் தாங்குகிறது. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது வெகுநாள் தாங்காது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. நான்கு ஆண்டு கழித்துப் போட்டுப் பார்த்தபோது கணினி அதைப் படிக்கவில்லை. அவரைக் கேட்டோம்; அவருடைய கணினித் தட்டும் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. நல்ல கண் கண்டதெல்லாம் போயிற்று. 2010 நவம்பரில் கெடா வெள்ளத்தில் அலோர் ஸ்டாரில் எங்கள் உறவினர் வீட்டு ஆல்பம் நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபோது அவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறோம். ஒட்டிய படத்திலாவது ஓரம் தெரியும். படிக்காத சி.டி. பார்வைக்குப் புதிது போலப் பளபளக்கிறது.

டி40-இன் கார்டு மட்டும் மீந்தது. அதைத் திரும்பப் பயன்படுத்தாமல் ஒரு பழைய மைலோ டின்னில் அந்த ஆசிரியை போட்டு வைத்திருந்தார். அதோடு இன்னொரு நற்பேறும் சேர்ந்தது. அன்று காமிரா கச்சாக் கோப்பும் சேர்த்துப் பதியும்படி வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகள் யாராவது பொத்தானை அழுத்தியிருக்கலாம். சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. கச்சாக் கோப்பில் மங்கு தந்த கணக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். டி40-இன் உணரி அளந்தது 12 பிட், அதாவது 4,096 படிகள். இருட்டில் கிடக்கும் முகத்தை மேலே தூக்க அந்தப் படிகள் வேண்டும்.

இரண்டாண்டுக்கு முன் கூலிமில் வேலை செய்யும் ஒரு பெண் எங்களைத் தேடி வந்தார். அவருடைய பாட்டி எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிரிவு நாளுக்கு வந்திருந்தார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். வீட்டில் அவருடைய படம் அடையாளக் கார்டில் இருந்த ஒன்றுதானாம். "சார், அன்னிக்கு எடுத்த படத்தில பாட்டி இருப்பாங்களா?" என்று கேட்டார்.

கார்டைக் கணினியில் செருகினோம், படித்தது. இன்றைய மென்பொருளில் அந்தக் கச்சாக் கோப்பைத் திறந்து நிழலை மெல்ல உயர்த்தினோம். இரைச்சலைக் குறைக்கும் கணக்கு 2009-இல் இருந்ததைவிட இன்று எவ்வளவோ தேர்ந்திருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேலான உணரி தந்த அதே எண்களிலிருந்து, அன்று காணாத முகங்கள் சில எழுந்து வந்தன. நான்காம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டபடி பாட்டி நின்றார். முகம் 25 புள்ளிதான். தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு; அப்படிப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் முகம். அதைப் பெரிதாக்கித் தபால் தலை அளவுக்கு அச்சிட்டோம். மூக்கும் நெற்றியும் தெரிந்தன. கண்கள் நிழலாகவே இருந்தன. 5டி-யின் படம் கிடைத்திருந்தாலும் 36 புள்ளிதான். கண் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டியின் கையைக் காட்டினார். பக்கத்தில் நின்ற இன்னொரு மூதாட்டியின் கையை அது பிடித்திருந்தது. "இவங்க யாரு சார்?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. படத்தை ஐந்து வரிசையாகப் பிரித்து, பெரிதாக அச்சிட்டு, பள்ளி மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பழைய மாணவர்கள் வரும்போது தெரிந்த பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டுப் போகச் சொல்கிறோம். இதுவரை 112 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அந்த மூதாட்டிக்கு நேரே இடம் இன்னும் காலியாக இருக்கிறது.